ஹெல்மெட் மாமாவின் திடீர் விசிட்

போன வாரம் டீக்கடையில் நண்பன் பிரபு செல்போனை நீட்டினான். ஒரு முதியோர் இல்லத்தின் விளம்பரம். படத்திலிருந்த தாத்தாக்கள் எல்லாரும் ஒரே பல்செட்டை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டதுபோலச் சிரித்தார்கள். "பெரியப்பாவ இங்க சேக்கலாம்னு இருக்கோம். எப்பிடி?" என்றான்.

"சாப்பாட்டு நேரத்துல சொல்லாமப் போய்ப் பாத்தியா?" என்றேன். கேட்ட பிறகுதான் உறைத்தது. அது என் கேள்வியே இல்லை, ஹெல்மெட் மாமாவுடையது.

தன் தலைக்கு அவரளவு மரியாதை கொடுத்த மனிதர் நெய்வேலியிலேயே பிறந்ததில்லை. நிலக்கரி மைன்ஸில் போர்மேனாக இருந்து ரிட்டயராகி, பக்கத்து ஊரான வடக்குத்தில் வீடு கட்டிக்கொண்டார். மஞ்சள் ஹெல்மெட்டை மட்டும் ரிட்டயராக விடவில்லை. கல்யாணப் பந்தியிலும் ஹெல்மெட். சலூனில் கழற்றுவார், அதற்கு முன் ஃபேனை நிறுத்தி ஆட்டிப் பார்க்கச் சொல்வார். அவர் வீட்டு மாமரத்தடியில் நின்றால், "தம்பி, மேல பாத்தியா? காய் தொங்கிகினு இருக்குது" என்று கத்துவார்.

மைன்ஸில் அவருக்கு ஹெல்பராக இருந்தவர் கோபாலு. வயதாகி நினைவு தடுமாறியது. வெளியூரில் வேலை பார்த்த மகன், வேறு வழியில்லாமல் ஓர் இல்லத்தில் சேர்த்தார். ஒருநாள் மாமா என் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். "கெளம்புடா. கோபாலுவப் பாக்கணும்."

கேட்டிலேயே மேனேஜர் மறித்தார். "விசிட்டருங்கல்லாம் ஞாயித்துக்கெழமதாங்க."

"ஞாயித்துக்கெழம நீங்க பெருக்கி வச்சிருப்பீங்க. நான் பெருக்காதத பாக்கணும்."

ஹெல்மெட்டைப் பார்த்து ஏதோ அதிகாரி என்று நினைத்தாரோ என்னவோ, வழிவிட்டார்.

மாமா சாம்பாரை முகர்ந்தார். பாத்ரூம் தரையைச் செருப்பால் தேய்த்து, "வழுக்குது" என்றார். கட்டிலோரத்து பெல்லை அழுத்தினார். சத்தமே இல்லை. "இது என்னாத்துக்கு, அழகுக்கா?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அடுத்த அறையில் அது நின்றுபோனது. கோபாலுவின் இரண்டு கைகளையும் துண்டால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். மணிக்கட்டு கன்றிப்போயிருந்தது.

"மத்தியானமானா எழுந்து ஓடுறாருங்க. ஷிஃப்ட் பஸ் போயிடும்ங்கிறாரு. அவரு சேஃப்டிக்குத்தாங்க கட்டுனோம்" என்றார் மேனேஜர்.

சேஃப்டி என்ற சொல்லுக்கு மாமா தலையாட்டாதது அன்று மட்டும்தான். முடிச்சுகளை அவிழ்த்தார். கோபாலு உடனே செருப்பைத் தேடினார். "சார், செகண்ட் ஷிஃப்ட்டுக்கு நேரமாயிடுச்சு சார்."

"டேய் கோபாலு, இன்னிக்கு உனக்கு ஆஃப்டா."

"யாரு சொன்னது?"

"போர்மேன் நான் சொல்றேன். படு."

கோபாலு ஹெல்மெட்டை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். படுத்தார். குறட்டையே விட்டார்.

"இதச் சொல்றதுக்கு ஒரு வாய் இல்லியா உங்ககிட்ட?" என்றார் மாமா, மேனேஜரிடம்.

அங்கிருந்தே மகனுக்கு போன். "உங்கப்பன என் வூட்டுக்குக் கூட்டிகினு போறேன். லீவு கெடைக்கறப்ப வந்து பாரு." மறுமுனையில் அழுகை மட்டும் கேட்டது.

கடைசிவரை கோபாலு வடக்குத்தில்தான் இருந்தார். தினமும் மதியம் மாமா அவருக்கு ஆஃப் கொடுப்பார். என்றைக்காவது ஆஃப் வேண்டாமென்று அடம்பிடித்தால், ஓவர்டைம் என்று சொல்லி முருங்கைக்கீரை ஆய உட்கார வைப்பார்.

இப்போது இருவருமே இல்லை.

புதன்கிழமை மதியம் நானும் பிரபுவும் குள்ளஞ்சாவடிப் பக்கத்திலிருக்கும் அந்த விளம்பர இல்லத்துக்குப் போகிறோம், சொல்லாமல். இந்த விசிட் சரியாக அமைந்தால், எங்கள் டவுன்ஷிப் பிளாக் பசங்களையும் சேர்த்துக்கொண்டு சுற்றுவட்டாரத்து இல்லங்களை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்ப்பதாகத் திட்டம். கேட்டில் விரட்டினால் என்ன பேசுவது என்று இன்னும் பிடிபடவில்லை. மாமா கூட வந்தால் நன்றாக இருக்கும்.