காதைத் தொட்ட மான்குட்டி

ஒரு காட்டில் பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. இப்படிப்பட்ட கதைகளில் காடு அடர்ந்திருக்க வேண்டும் என்பது மரபு. இந்தக் காட்டின் நடுவே கால்பந்து மைதானம் போட்டுவிட்டார்கள். ஆகவே மரபை ஓரளவுக்குத்தான் காப்பாற்ற முடிகிறது.

பள்ளியில் சிறுவர், இளையோர், மூத்தோர் என மூன்று அணிகள். காட்டில் யாருக்கும் பிறந்த தேதி தெரியாது. எனவே விளையாட்டு ஆசிரியரான கரடி, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க மனிதர்கள் ஒரு காலத்தில் வைத்திருந்த முறையைக் கையாண்டது. தலைக்கு மேலாகக் கையை வளைத்துக் காதைத் தொட வேண்டும். கை இல்லாதவர்கள் காலால் தொடலாம். எந்தக் கால் என்பது அவரவர் வசதி. தொட்டவர் மூத்தோர். காதருகே வந்து நழுவியவர் இளையோர். எட்டவே எட்டாதவர் சிறுவர்.

பிறந்து சில வாரங்களே ஆன குரங்குக் குட்டிகள் மூத்தோர் ஆயின. கொள்ளுப்பேரன் எடுத்த முதலைக்குக் கை எட்டவில்லை. அது சிறுவர் அணியின் கோல்கீப்பர். கிழட்டுக் காட்டெருமைக்கு இடுப்பு வளையவில்லை, அதுவும் சிறுவன்தான். நிற்கவே தடுமாறிய மான்குட்டியும் சிறுவர் அணியில் சேர்ந்தது. விதி தற்செயலாகச் சரியாகப் பொருந்திய இடம் அது ஒன்றே.

பருவம் தொடங்கியது. மூத்தோர் அணி பந்தை மரத்துக்குமேல் கொண்டுபோய்விட்டு இறங்க மறுத்ததால் எல்லா ஆட்டங்களிலும் தோற்றது. இளையோர் அணியில் முள்ளம்பன்றி இருந்தது. எனவே அவர்கள் ஆட்டம் பந்து உயிரோடு இருக்கும்வரை நடந்தது. சிறுவர் அணி மட்டும் தொடர்ந்து வென்றது. முதலை நிற்கும் கோலை நெருங்க எதிரணியில் எந்தச் சிறுவனுக்கும் துணிவில்லை.

மான்குட்டிக்கு ஒரே ஆசை. ஓர் ஆட்டத்தில், ஒரே ஒரு தடவையாவது பந்தை உதைக்க வேண்டும். கரடியோ அதைக் கோட்டுக்கு வெளியிலேயே உட்கார வைத்திருந்தது.

"தாத்தா, அந்தப் பந்தைக் கொஞ்சம் இங்க தள்ளுங்களேன்" என்று பயிற்சியின்போது மான்குட்டி முதலையிடம் கேட்டது.

"தாத்தாவா? மைதானத்துல தம்பின்னு கூப்பிடு. மாஸ்டர் காதுல விழுந்தா என்னாகும்?" என்றது முதலை.

இறுதி ஆட்டத்தன்று காட்டெருமை படுத்த இடத்தைவிட்டு எழவில்லை.

"என்னடா ஆச்சு?" என்றது கரடி.

"மூட்டு பிடிச்சுக்கிச்சு மாஸ்டர். மழை வரும்போல" என்றது அந்தச் சிறுவன்.

வேறு ஆள் இல்லை. கரடி மான்குட்டியைப் பார்த்து, "போ, நீ இறங்கு" என்றது. மான்குட்டி நான்கு கால்களாலும் ஒரே சமயத்தில் குதித்தது.

அப்போது எதிரணியான அக்கரைப் பள்ளியின் ஆசிரியர் காட்டுப்பன்றி மைதானத்துக்குள் வந்தது.

"ஆட்சேபம்! உங்க கோல்கீப்பர் எனக்கே பெரியப்பா வயசு. மறுபடி சோதிக்கணும்."

"தாராளமா. ஆனா ஒருத்தரை மட்டும் சோதிச்சா அது பாரபட்சம். எல்லாரையும் சோதிப்போம்" என்றது நியாயவானாகிய கரடி.

முதலை கையைத் தூக்கியது. அது மோவாய்வரைகூடப் போகவில்லை. "சிறுவன்" என்று நடுவரான கொக்கு அறிவித்தது. ஆமை முயன்றது, கால் ஓட்டைத் தாண்டவில்லை. "சிறுவன்." பிறகு மான்குட்டியின் முறை. அது முன்னங்காலைத் தூக்கியது. எட்டவில்லை. கொக்கு வாய் திறப்பதற்குள் ஓர் ஈ வந்து மான்குட்டியின் காதில் உட்கார்ந்தது. மான்குட்டி கொஞ்சமும் யோசிக்காமல், பின்னங்காலால் காதைச் சொறிந்தது.



"தொட்டுட்டான்! எல்லாரும் பாத்தீங்கல்ல?" என்று காட்டுப்பன்றி கத்தியது.

"ஐயோ, என் பிள்ளை இன்னும் பால்குடி மறக்கலைங்க!" என்று தாய்மான் ஓடிவந்தது.

"பால் குடிக்கிறது ஒரு பழக்கம்மா. வயசுக்கு அது சான்று ஆகாது" என்றது கொக்கு.

மான்குட்டி கரடியை நிமிர்ந்து பார்த்தது. "அப்ப நான் மூத்தோர் அணியில ஆடலாமா மாஸ்டர்?"

"அவங்க ஆட்டமெல்லாம் போன வாரமே முடிஞ்சுபோச்சுப்பா."

சிறுவர் அணி ஓர் ஆள் குறைவாக ஆடியும் கோப்பையை வென்றது. எதிர்கால நம்பிக்கை விருது முதலைக்குக் கிடைத்தது. அதை மேடைக்குக் கைத்தாங்கலாக அழைத்துச் சென்றது, காட்டெருமையின், நரைக்கத் தொடங்கிவிட்ட மகன். பந்தைத் தொட்டறியாத மான்குட்டிக்கு, வயதை மறைத்த குற்றத்துக்காக அடுத்த பருவம் முழுவதும் தடை.

நீதி: இளைஞர் என்று பெயரெடுக்க விரும்புவோர் முதலில் மூட்டுவலியைச் சம்பாதித்துக்கொள்ள வேண்டும்.