மாப்பிள்ளை பார்த்த மூலை

மாப்பிள்ளை மறுபடியும் அதே மூலைக்குப் போய், சுவரைப் பார்த்தபடி நின்றுகொண்டது.

கடலுக்கடியில் தானாக நீந்தி, துறைமுகத் தூண்களில் விரிசல் தேடும் இயந்திரம் அது. ஒலி அனுப்பி, எதிரொலி கேட்டு, இருப்பதிலேயே பெரிய விரிசலுக்கு எதிரே போய் அசையாமல் நிற்க வேண்டும். அதற்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அவ்வளவுதான். எவ்வளவு சீராட்டினாலும் முறுக்கிக்கொள்கிறதே என்று மின்வேலைக்காரர் வைத்த பெயர்தான் மாப்பிள்ளை.

சோதனைத் தொட்டியின் நடுவில் விரிசல் விட்ட குழாய் ஒன்றைத் தொங்கவிட்டிருந்தாள் பொறியாளர் பெண். மாப்பிள்ளை அதை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, இதெல்லாம் ஒரு விரிசலா என்பதுபோல் நகர்ந்துவிட்டது.

மூன்று மணிக்கு மேலாளர் வருகிறார். அவர் கண்முன் சொதப்பினால், அவளுடைய இரண்டு வருட உழைப்பு உடைந்த நாற்காலிகளோடு கிடங்கில் கிடக்கும்.

அதற்குக் காது மந்தமோ என்று நினைத்து, எதிரொலி கேட்கும் கருவியைக் கூர்மையாக்கினாள். முன்பு மெதுவாகப் போனது, இப்போது பத்தே விநாடியில் தொட்டியின் மூலையில் நின்றது. மூக்கு வேறு சுவரில் ஒட்டியிருந்தது.

கிட்டே போய்ப் பார்க்க ஓடியவள், தொட்டியோரத்து ஈரத்தில் வழுக்கி உட்கார்ந்தாள்.

"ஏங்க்கா, துடைச்சா காயவிடக் கூடாதா?"

துப்புரவு அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவளுக்குக் கேட்க நேரமில்லை.

குழாயை நகர்த்தி மூலைக்குக் குறுக்கே தொங்கவிட்டாள். மாப்பிள்ளை முட்டித் தள்ளிவிட்டு உள்ளே போனது. கடைசியில் மூலையையே ரப்பர் விரிப்பால் மூடினாள். அது விரிப்பைத் தன் இயந்திரக் கையால் தூக்கி, அடியில் புகுந்துகொண்டது. வெளியே வால் மட்டும் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் மேலாளர் வந்தார்.

"என்ன பண்ணுது அது?"

"கோவிச்சுக்கிட்டுப் படுத்திருக்கு சார்," என்றார் மின்வேலைக்காரர்.

அவள் அவரை ஒரு முறை முறைத்தாள். பிறகு, இன்னும் ஒரு வாரம் வேண்டும் என்று மேலாளரிடம் கெஞ்சிப் பார்த்தாள். அவர் வாலையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குழாய் எதிர்ல தொங்குது. அதை விட்டுட்டு வெறும் சுவரைப் பார்க்குது. இதை நம்பி எப்படிம்மா கடல்ல இறக்கறது? கிடங்குக்கு அனுப்பிடுங்க."

அவள் தலையசைத்தாள். கண்ணீர் வந்துவிடுமோ என்று விரிப்பை மடிக்கப் போனாள்.

திரும்பி நடந்த மேலாளர் அதே ஈரத்தில் வழுக்கி, அதே இடத்தில் உட்கார்ந்தார். எழுந்து பேன்ட்டைத் தட்டிவிட்டுக்கொண்டு துப்புரவு அக்காவைக் கூப்பிட்டார்.

"இங்க துடைச்சது யாரு?"

"அங்க நான் துடைக்கிறதே இல்ல சார்," என்றார் அக்கா. "அந்த மூலையில தொட்டி ஒழுகுது. தினமும் காலையில நாலு வாளி ஊத்தி நான்தான் நிரப்பி வைக்கிறேன்."