சைடு கண்ணாடிக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு

கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போய், கடையில் இருந்த அத்தனை பேருக்கும் ஜுரம் வரவழைத்துவிட்டுத் திரும்பிய மனிதர் இந்தத் தமிழ்நாட்டிலேயே ஒருவர்தான் இருக்க முடியும். அவர் எங்கள் தெரு ரைட்டண்ணன். நாமக்கல்லில் லாரி டிரைவர் இல்லாத தெரு கிடையாது. ஆனால் ரைட்டண்ணன் எங்கள் தெருவில் மட்டும்தான் இருந்தார்.

நிஜப் பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும், நாங்கள் யாரும் எட்டிப் பார்த்ததில்லை. "ரைட்" என்று யாராவது சொன்னால்தான் அந்த மனிதர் நகர்வார், அதனால் அந்தப் பெயர். வீட்டு வாசலை விட்டு இறங்க அக்கா, அதாவது அவருடைய மனைவி, சொல்ல வேண்டும். தெருமுனையில் மளிகைக்கடைக்காரர் சொல்ல வேண்டும். சலூன் நாற்காலியிலிருந்து எழ முடிவெட்டுகிறவர் சொல்ல வேண்டும். ஒருமுறை ஆஸ்பத்திரி லிஃப்டில் மாட்டிக்கொண்டார். கூட வந்தவர்கள் எல்லாம் இறங்கிப் போய்விட, இவர் மட்டும் மேலேயும் கீழேயும் போய்வந்துகொண்டே இருந்தார். கடைசியில் ஸ்ட்ரெச்சரில் வந்த ஒரு நோயாளி, "ரைட்டு ரைட்டு, எறங்குங்க பெரியவரே, எனக்கு வயிறு வலிக்குது" என்று முனகிய பிறகுதான் வெளியே காலை வைத்தார்.

சொன்னால் மட்டும் போதாது. திரும்பி, சொன்னவர் முகத்தை ஆற அமரப் பார்ப்பார். இன்னார்தான் சொன்னது என்று உறுதியான பிறகே நகர்வார். அந்தப் பார்வையைப் புதிதாக வாங்கியவர்கள் மூக்கில் ஏதாவது ஒட்டியிருக்கிறதோ என்று தடவிக்கொள்வார்கள்.

நடக்கும்போது இடது பக்கம் ஓர் ஆள் வருகிற அளவுக்கு இடம் விட்டு நடப்பார். அந்த இடத்தில் நாம் நடக்கக் கூடாது. டீக்கடையில் இரண்டு டீ சொல்வார். ஒன்றைக் குடிப்பார், இன்னொன்று இடது பக்கம் பெஞ்சில் இருக்கும். திரும்பிப் பார்த்தால் தம்ளர் காலியாக இருக்கும். இதில் ஏதோ அமானுஷ்யம் இருக்கிறது என்று நான் ஒரு வாரம் உளவு பார்த்து, டீ மாஸ்டர்தான் வீணாகக் கூடாதென்று எடுத்து ஊற்றிக்கொள்கிறார் என்று கண்டுபிடித்தேன். அந்தப் பெருமையில் நான் இருந்தபோதுதான் ஒரு நாள் ரயில்வே கேட் பக்கம் அவரோடு நின்றிருந்தேன். கேட் திறந்தது. நான் வேண்டுமென்றே வாயைத் திறக்கவில்லை. சுற்றிலும் வேறு ஆளே இல்லை. ரைட்டண்ணன் இடது பக்கம் திரும்பினார், காலி இடத்தைப் பார்த்தார், தலையை ஆட்டினார், நடந்து போய்விட்டார். நான் அங்கேயே நின்றேன். என்னை நகர்த்த யாராவது ரைட் சொல்ல வேண்டியிருந்தது.

நான் அப்போது லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறை ஒன்றில் ஆஃபீஸ் வேலை பார்த்தேன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த ஒரே குற்றத்துக்காகத் தெருவிலுள்ள எல்லாக் கம்ப்யூட்டருக்கும் நான்தான் வைத்தியன். ரைட்டண்ணன் மகள் கல்யாணமாகி பெங்களூர் போனபோது, வீட்டிலிருந்து வேலை பார்க்க வைத்திருந்த பழைய கம்ப்யூட்டரை விட்டுவிட்டுப் போனாள். மாப்பிள்ளை நல்ல பிள்ளை. மாமனாருக்குப் பொழுது போகட்டும் என்று அதில் லாரி ஓட்டும் விளையாட்டு ஒன்றை ஏற்றி, மேஜையில் மாட்டுகிற ஸ்டியரிங்கும் கால் பெடலும் வாங்கிக் கொடுத்துவிட்டார். அக்கா மானிட்டருக்குத் திருநீறு வைத்து, பெடலுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, முறைப்படி வண்டியை வெளியே எடுக்கச் சொன்னார்.

ஐந்தாவது நிமிஷம் எனக்கு ஆள் வந்தது. போய்ப் பார்த்தால் ரைட்டண்ணன் சுவரோரம் நின்றுகொண்டிருக்கிறார். நாற்காலி காலி.

"என்னங்ணா ஆச்சு?"

"ஸ்டியரிங்கு இடது கைப்பக்கம் இருக்குதுங்க தம்பி. அது மாது சீட்டுங்க. நான் எப்படிங்க உக்காருவேன்?"

வெளிநாட்டு லாரியில் டிரைவர் இடது பக்கம்தான் உட்கார்வார் என்று சொன்னேன். அவர் கேட்கவில்லை. வலது பக்கம் ஸ்டியரிங் உள்ள லாரியை அந்த விளையாட்டிலேயே தேடிப் பிடித்து வைத்த பிறகு வந்து உட்கார்ந்தார். படத்தில் இடது பக்க சீட் காலியாக இருந்தது. அதைப் பார்த்ததும் அவருக்கு நிம்மதியாக இருந்தது, எனக்கு இல்லை.

"யாருங்ணா மாது?"

அக்கா அடுப்படி வாசலுக்கு வந்து நின்றுகொண்டார். ரைட்டண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே சொன்னார்.

"என்ற கிளீனருங்க. சேந்தமங்கலத்துப் பையன். ஜவ்வரிசி லோடு ஏத்திட்டு வடக்க போறோம். மலை ஏறற காட் ரோடு, காலையில நேரம், நெம்பப் பனி. இடது பொறத்து டயர்ல காத்து கம்மியாட்டத் தெரிஞ்சுது. நிறுத்துனேன். டயர் தட்டற கம்பிய எடுத்துட்டு மாது எறங்குனான். தட்டற சத்தம் கேட்டுது. அப்பறம் 'ரைட்'டுன்னு சத்தம் வந்துது. இடது சைடு கண்ணாடியப் பாத்தேன். வெறும் வெள்ளையா இருந்துது. சரி, பொறகால ஏணில தொத்திட்டான், அது அவன் பழக்கம், அப்படின்னு நெனச்சு வண்டிய எடுத்துட்டேன். மேல டீக்கடையில போயி நிறுத்திப் பாத்தா ஆளக் காணோமுங்க. திரும்பிப் போனேன். கம்பி மட்டும் ரோட்டுல கெடந்துது."

"தேடலைங்களா?"

"பள்ளத்துல கவுறு கட்டி எறங்கித் தேடுனாங்க. ஒண்ணுமில்லீங்க. ஓடிப்போயிட்டான்னு போலீசுல எழுதிட்டாங்க. அவனுக்கு ஓடிப்போற ஆசையும் இருந்துது, அது எனக்குத் தெரியும். ஆனா அன்னிக்கு 'ரைட்'டுன்னு சொன்னது அவன் கொரல்தானான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் சந்தேகமுங்க. வேற கொரலாட்டந்தான் இருந்துது."

வெயில் காலம். ஆனாலும் நான் போய் ஃபேனை நிறுத்தினேன்.

அவருக்கு வேண்டியது ஒரே ஒரு விஷயம்தான். அன்றைக்கு அவர் கண்ணாடியைப் பார்த்தது நிஜம். அதில் வெள்ளையாக இருந்ததும் நிஜம். பனி மறைத்ததால் மாது தெரியாமல் போனானா, அல்லது அங்கே அவன் நிற்கவே இல்லையா? முதலாவது என்றால், ரோட்டோரம் நின்ற பையனை இவர் விட்டுவிட்டு வந்திருக்கிறார். இரண்டாவது என்றால், அவனாக ஒரு வழி பார்த்துக்கொண்டு போயிருக்கிறான். இத்தனை வருஷமாக இந்த இரண்டுக்கும் நடுவில் வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார் மனிதர். அப்படியே ஒரு மலை, அப்படியே ஒரு பனி, அப்படியே ஒரு சைடு கண்ணாடி திரையில் கிடைத்தால் பார்த்துவிடலாம் என்பது அவருடைய கணக்கு.

எங்கோ வெளிநாட்டில் நாலு பேர் உட்கார்ந்து வரைந்த மலையில் நம் ஊர் மாதுவைத் தேடுவது எந்த ஊர் நியாயம் என்று கேட்க வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன்.

சிக்கல் என்னவென்றால், அந்தக் கம்ப்யூட்டரில் படத்தைத் தெளிவாகக் காட்டுகிற கிராபிக்ஸ் கார்டு என்று தனியாக ஒன்று கிடையாது. படம் திக்காமல் ஓட வேண்டுமானால் எல்லாவற்றையும் குறைத்து வைக்க வேண்டும். குறைத்தால் லாரியின் சைடு கண்ணாடி இரண்டும் கறுப்பாகிவிடும். கண்ணாடியைத் தெரிய வைத்துப் பனியையும் போட்டால் வண்டி நின்று நின்று, உருவம் விட்டு விட்டு வந்தது. கார்டு போடாமல் முடியாது என்றேன். அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "வாங்கிக் குடுத்துருங்க தம்பி. இதுக்கொரு முடிவு தெரியட்டும்" என்றார்.

கம்ப்யூட்டர் பெட்டிக்குள், அதாவது கேபினெட்டுக்குள், கார்டு நீளம் கொள்ளுமா என்று பார்க்க வேண்டும் அல்லவா? ரைட்டண்ணன் கேபினெட்டையே மடியில் வைத்துக்கொண்டு என்னோடு சேலத்துக்கு பஸ் ஏறினார். அவருக்குப் பிடித்த வாகனம் பஸ்தான், ஒவ்வொரு நிறுத்தத்திலும் கண்டக்டர் ரைட் சொல்லிவிடுகிறாரே. இவர் ஒவ்வொரு தடவையும் திரும்பி கண்டக்டர் முகத்தை உற்றுப் பார்த்தார். ராசிபுரம் வருவதற்குள் அந்தக் கண்டக்டர் பயந்துபோய், நாங்கள் கேட்காமலேயே பாக்கிச் சில்லறையைக் கொண்டுவந்து கையில் திணித்துவிட்டுப் போனார்.

கடைக்காரர் நல்ல சுறுசுறுப்பு. "என்ன கேம் ஆடுவீங்க அங்கிள்? எவ்வளவு ஸ்பீடு வேணும்?"

"ஸ்பீடு வேண்டாமுங்க. வண்டி நிக்கும்போது காட்டோணும்."

"நிக்கும்போதா?"

"நிக்கும்போதுங்க. பனியில, இடது சைடு கண்ணாடில, ஆள் உசரத்துக்கு ஒண்ணு வந்து நின்னா அது தெரியோணுங்க. அந்த மாதிரி கார்டு எதுங்க?"

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். உள்ளே பெட்டி பிரித்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள்.

மூன்று விசிறி வைத்து, கலர் கலராக லைட் எரிகிற கார்டு ஒன்றைக் காட்டினார்கள். "வண்டிக்குள்ள வெளிச்சம் இருந்தா வெளிய நிக்கறவங்க தெரியமாட்டாங்க, எடுத்து வைங்க" என்றார் ரைட்டண்ணன். கொஞ்சம் மலிவாக, ஏற்கெனவே ஓடின கார்டு ஒன்று வந்தது. அதை வாங்கி மூக்கருகே வைத்து மோந்தார். விசிறியை விரலால் ஒரு சுற்று சுற்றிவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டார்.

"இத முன்னால வச்சிருந்தவங்க என்ன பாத்தாங்க?"

"தெரியாதுங்களே அங்கிள். ஏதாவது கேம்தான்..."

"அவங்க பாத்தது இதுக்குள்ள மிச்சம் மீதி ஏதாச்சும் இருக்குமா? ஏன் கேக்கறேன்னா, நான் ஒருத்தனத்தான் தேடறேன். அவங்க தேடுனவங்களும் வந்து நின்னுட்டா எனக்குக் கொழம்பிப் போயிருமுங்க."

அந்தக் கார்டைக் கடைக்காரர் கையில் வாங்காமல், மேஜையிலேயே வைக்கச் சொல்லிவிட்டார். அதற்கப்புறம் வியாபாரம் மளமளவென்று முடிந்தது. லைட் இல்லாத, இரண்டு விசிறி உள்ள, கேபினெட்டுக்குள் அடங்குகிற புதுக் கார்டு. அதற்கு மின்சாரம் போதாது என்று பவர் சப்ளையும் மாற்றினார்கள். "பெரிய இஞ்சினுக்குப் பழைய பேட்டரி தாங்காதுல்லீங்க" என்று அதை மட்டும் உடனே ஒத்துக்கொண்டார். கிளம்பும்போது வாசலில் நின்றார். நான் கண்ணைக் காட்டினேன். கடைக்காரர் நடுங்கிய குரலில், "ரைட்டுங்க அங்கிள்" என்றார்.

வீட்டில் கார்டை மாட்டி, விளையாட்டில் பனியை அதிகமாக்குகிற ஒரு கூடுதல் ஃபைலை இணையத்திலிருந்து இறக்கினேன். மறுநாள் அவர் ஓட்டப் போகிற மலை ரோட்டை நானே பல தடவை ஓட்டிப் பார்த்து, அளவு சரி செய்தேன். ஒரு வளைவு, ஓரத்தில் ஒரு கம்பம், அப்புறம் பள்ளம். மனித நடமாட்டமே வரைந்திருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றார். ரைட்டண்ணன் குளித்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். வண்டி மலை ஏறியது. கண்ணாடி இரண்டும் பளிச்சென்று இருந்தன. வளைவு தாண்டியதும் நிறுத்தினார். ஹேண்ட் பிரேக் போட்டார். பனி நகர்ந்துகொண்டிருந்தது. அறையில் புதுக் கார்டின் விசிறி மட்டும் மெல்லச் சுற்றியது.

காலி சீட்டைத் தாண்டி இடது கண்ணாடியைப் பார்த்தார். முதலில் எல்லாம் வெள்ளையாக இருந்தது. பிறகு கோடு போட்ட மாதிரி கம்பம் தெரிந்தது.

"தம்பி, கம்பம் தெரியுதுங்களா?"

"தெரியுதுங்ணா."

"அப்ப ஆள் நின்னாலும் தெரியுமுங்களே?"

"தெரியணுமுங்ணா."

அவர் தோள் இரண்டும் இறங்கின. "அப்ப அவன் நிக்கலைங்க. நின்னிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும். அவனாத்தான் போயிருக்கறான். இப்ப எங்கியோ ஊடு வாசல் கட்டி, பொண்டாட்டி புள்ளையோட இருப்பான் திருட்டுப்பய." பிறகு கண்ணைக் கசக்கினார். "எனக்கு ஒரு கண்ணு மங்கலுங்க. நீங்க ஒருக்கா நல்லாப் பாத்துச் சொல்லிருங்க சாமி. கம்பத்தத் தவிர வேற ஏதாச்சும் தெரியுதா?"

நான் குனிந்து பார்த்தேன்.

கம்பம் இருந்தது. கம்பத்துக்குப் பக்கத்தில், அதைவிடக் குட்டையாக, அதைவிட அகலமாக இன்னொன்று இருந்தது. முந்தின நாள் நான் ஓட்டிய ஒரு தடவையிலும் அது அங்கே இல்லை. பனி அதைச் சுற்றிக்கொண்டு போனது. அதன் கையிலோ பக்கத்திலோ மெலிதாக ஒரு கோடு, கம்பி அளவுக்கு. கார்டு புதிது, பழகப் பழகச் சரியாகிவிடும், அல்லது நான் இறக்கிய பனி ஃபைலில் ஏதோ கோளாறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்குள் அது கொஞ்சம் முன்னால் வந்த மாதிரி இருந்தது. நிமிர்ந்தேன். அக்கா திரையைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தம்மாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

"கம்பம் மட்டுந்தாங்ணா" என்றேன்.

ரைட்டண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு சாவியைத் திருப்புகிற மாதிரி ஸ்விட்சை அணைத்துவிட்டு, உள்ளே போய்ப் பாயில் படுத்து, பட்டப்பகலில் குறட்டை விட்டுத் தூங்கினார். அப்படி அவர் தூங்கிப் பார்த்து எத்தனையோ வருஷமாகிறது என்று அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் வாசலில் வெயிலில் வந்து நின்றுகொண்டேன். ஆனாலும் சொல்கிறேன், அந்த மனிதர் அப்படித் தூங்குவதற்காக, அந்தக் கண்ணாடியில் ஊரே திரண்டு வந்து நின்றாலும் கம்பம் மட்டும்தான் என்று நான் சொல்லியிருப்பேன்.