நாக்கில் ஒட்டிய கேது

"அம்மா, ராமர் எத்தனை ஜி.பி.?"

வெண்பா இப்படிக் கேட்டபோது அவளுக்கு ஏழு வயது. கேட்ட இடம், விருத்தாசலம் கடைவீதியில் விருத்தகிரி வைத்திருக்கும் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை. அவள் அம்மா கனகா, லேப்டாப் ஆமையாக ஓடுகிறதென்று தூக்கி வந்திருந்தாள். விருத்தகிரி பின்மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "ராம் பத்தலம்மா" என்றார். கம்ப்யூட்டர் வேலை செய்கிற நேரத்தில் எடுத்ததையெல்லாம் பரப்பி வைத்துக்கொள்ளும் நினைவகம் அது. படித்தவர்கள் ரேம் என்பார்கள். எங்கள் ஊர் வாயில் ராம். குழந்தை என்ன செய்வாள்? வீட்டில் மாட்டியிருக்கும் பட்டாபிஷேகப் படத்தை நினைத்துக்கொண்டு கேட்டுவிட்டாள்.

கடையில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். சிரிக்காதவர் ஒருவர் உண்டு. ஏதோ வேலையாக அங்கே வந்திருந்த, பஸ் நிலையத்துக்கு எதிரே செல்போன் உறை விற்கும் ராஜ்மோகன். கேள்வியைக் கேட்டதும் கண்ணை மூடினார். பிறகு திறந்தார். மூடியதற்கும் திறந்ததற்கும் நடுவில் ஒரு பீடமே எழும்பிவிட்டது.

மூன்றே மாதம். ராஜ்மோகனில் ஓர் எழுத்து கழன்று விழுந்து, வேறோர் எழுத்து வந்து ஒட்டிக்கொண்டது. ராம்மோகன சுவாமிகள்! ஜங்ஷன் ரோட்டுக் கல்யாண மண்டபத்தில் பலகை தொங்கியது: 'ஸ்ரீ நவக்கிரக ராம் பீடம். வீட்டு சர்வர்கள் ஜாதகப்படி அமைத்துத் தரப்படும்.'

போன் எல்லாருக்கும் நிறைந்துபோகிற காலம் இது. பேத்தியின் முதல் தவழல், கரும்பு வெட்டும் சீட்டு, நிலப் பத்திரம், காதுகுத்து வீடியோ எல்லாம் ஒரே போனில் முட்டிக்கொண்டு கிடக்கின்றன. வீட்டு மூலையில் ஒரு பெட்டியை வைத்து அத்தனையையும் அதில் போட்டுவைக்கலாம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? திட்டக்குடியிலிருந்து பஸ்ஸில் வந்தார்கள். ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். பெண்ணாடத்துக் கரும்பு விவசாயி பச்சமுத்து டிராக்டரிலேயே வந்து இறங்கி, வரிசையில் முன்னால் நின்றவரிடம் சந்தேகம் கேட்டார்.

"சர்வர்னா ஓட்டல்ல தோச கொண்டாருவாரே, அவருதானங்க?"

"அது ஆளு. இது பொட்டி."

"பொட்டிக்கு எதுக்குங்க ஜாதகம்?"

"யோவ், மெதுவா பேசு. சாமி காதுல வுழுந்துடப் போவுது."

மேஷ ராசிக்குச் சிவப்புப் பெட்டி. கடக ராசிக்குக் குளிர்ச்சி வேண்டும், ஆகவே இரண்டு மின்விசிறி. தகவலைச் சேமித்துவைக்கும் வன்தட்டு எப்போதும் ஒற்றைப்படை. இரண்டு போட்டால் குடும்பம் இரண்டாகுமாம். இவையெல்லாம் ஊறுகாய்தான். சாப்பாடு ராமில் இருந்தது.

சாதாரண ராம் பட்டையை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் கறுப்பு கறுப்பாக எட்டுச் சிப்பு இருக்கும். எட்டு! எங்கள் பக்கத்தில் வண்டிக்கு எட்டாம் நம்பர் வந்தாலே மூன்று நாள் சோறு இறங்காது. சுவாமிகள் பட்டையைத் தூக்கிக் காட்டி ஒரே வார்த்தை சொன்னார்: "சனி." மண்டபம் மூச்சை அடக்கிக்கொண்டது. பிறகு தம்முடைய பட்டையைத் தூக்கினார். ஒன்பது சிப்பு. "நவக்கிரகம்! ஒம்பதாவது கேது. எங்க தப்பு நடந்தாலும் கேது திருத்திடுவான்."

ஒன்பது கிரகத்திலும் சனி இருக்கிறாரே என்று யாரும் கேட்கவில்லை. கைதட்டலில் காது அடைத்திருந்தது.

விலை இருபத்தேழாயிரம், கூட்டினால் ஒன்பது. பெட்டியின் மூடிமேல் சந்தன முத்திரை. திறந்தால் சக்தி போய்விடும். கூடவே ஒரு நோட்டு. காணாமற்போன ஃபைலின் பெயரை எழுதிப் பெட்டியில் கட்டினால் திரும்பி வருமாம். எங்கள் பக்கத்துக் கொளஞ்சியப்பர் முருகன் சந்நிதியில் குறையைப் பிராதாக எழுதிக் கட்டுகிறோமே, அதைப் பார்த்து அடித்த காப்பி. நானும் அங்கே பிராது கட்டியவன்தான். அழுதுகொண்டு போய், கனம் குறைந்து திரும்பியவன். அந்தச் சந்நிதியில் யாரும் எனக்கு வாரண்டி அட்டை கொடுத்ததில்லை.

கனகாவும் வாங்கினாள். பீங்கான் தொழிற்பேட்டையில் கொலு பொம்மை செய்யும் சிறு பட்டறை அவளுடையது. ஆறு பெண்கள் அவளிடம் வேலை செய்கிறார்கள். சென்னைக் கடை ஒன்று நவராத்திரிக்கு முந்நூறு செட் கேட்டிருந்தது. அச்சின் அளவு, பூச்சின் கலவை, எந்தப் பொம்மைக்கு எத்தனை டிகிரிச் சூடு என்று ஐந்து வருட உழைப்பு, படமும் குறிப்புமாக அந்த ஒரே லேப்டாப்பில் இருந்தது. அது போனால் ஆர்டர் போகும். ஆர்டர் போனால் ஆறு அடுப்பு அணையும். பத்திரமாக இருக்கட்டுமென்றுதான் சர்வர் வாங்கி எல்லாவற்றையும் அதில் ஏற்றினாள்.

ஏற்றியதைத் திறந்து பார்த்தால், பிள்ளையாருக்குத் தும்பிக்கை இருந்தது, முகத்தைக் காணோம். செட்டியார் பொம்மைக்குப் பாதி உடம்பு சாம்பல். தசாவதாரத்தில் ஒன்பது அவதாரம் ஒழுங்காக வந்தன; ஏழாவது மட்டும் பச்சைக் கட்டம். ராம் ராமரையே விழுங்கியிருந்தது!

சுவாமிகளிடம் ஓடினாள். அவர் புன்னகைத்தார்.

"பழைய வூட்ல வெளக்கு எரிஞ்சா புது வூட்ல லட்சுமி எப்படிம்மா தங்குவா? லேப்டாப்ப கழிச்சிடணும்."

"கழிக்கறதுன்னா என்னங்க சாமி?"

"உள்ள இருக்கறத மொத்தமா அழிச்சிடணும். அழிச்ச நிமிஷம் சர்வர்ல மொகமெல்லாம் தானா வந்துடும். வெள்ளிக்கெழம காலையில ஒம்பது மணிக்கு கொண்டா."

வழியில் விருத்தகிரியின் கடையில் சொன்னாள். அவர் கையிலிருந்த திருப்புளி கீழே விழுந்தது.

"அழிச்சிடாத கனகா! அதுல இருக்கறதுதான் நல்ல பிரதி. சர்வர்ல ராம் கெட்டுப்போயி இருக்குது, காப்பி ஆவறப்பவே கெடுக்குது."

"அதுல ஒம்பது சிப்புண்ணே. நீங்க விக்கறது எட்டு. நீங்க எட்டுக்காரரு, அப்படித்தான் பேசுவீங்க."

விருத்தகிரி குனிந்து திருப்புளியை எடுத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை கடையைத் திறக்காமல், திருப்புளியைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு மண்டபத்துக்குப் போனார்.

மேடையில் கற்பூரம். கனகாவின் லேப்டாப்புக்கு மாலை. சுவாமிகளின் விரல் அழிக்கும் பொத்தானை நோக்கி இறங்குகிற நேரத்தில் விருத்தகிரி கூட்டத்தில் எழுந்தார்.

"சாமி, ஒரு சந்தேகம். அந்தக் கேதுவ மட்டும் எடுத்துட்டு பொட்டிய ஓட்டிப் பாக்கலாங்களா?"

"தொறந்தா சக்தி போயிடும்!"

"போவட்டுமே. போன அப்பறம் ஓடுதா இல்லியான்னு பாப்போம். ஓடலன்னா நான் ஒங்க கால்ல வுழுந்துட்டுப் போறேன்."

"யாரு பொட்டிய தொறக்கச் சொல்ற? யாரு தருவாங்க?"

பச்சமுத்து கையைத் தூக்கினார். அவருடைய பெட்டி மூன்று வாரமாக அரைமணிக்கொரு தரம் மயங்கி விழுந்துகொண்டிருந்தது. அன்றைக்கு வந்த மற்றவர்களைப் போலவே அவரும் பெட்டியைப் பரிகாரத்துக்காகத் தூக்கி வந்திருந்தார். "என்னோடத தொறங்க தம்பி. போனா என் சக்திதான போவுது? கரும்பு நட்டே பாதி போயிடுச்சு."

விருத்தகிரி சந்தன முத்திரையைச் சுரண்டினார். ராம் பட்டையை உருவி, ஒன்பதாவது சிப்பை நகத்தால் நெம்பினார். உளுந்து வடையிலிருந்து மிளகு கழல்வது போலக் கழன்று வந்தது. பட்டையைத் திரும்பச் செருகிப் பெட்டியைப் போட்டார். விசிறி சுற்றியது. திரையில் பச்சமுத்துவின் கரும்புத் தோட்டம் தெரிந்தது.

"ஓடுதுங்க! கேது இல்லாமலே ஓடுதுங்க!"

சுவாமிகள் லேசுப்பட்டவரா? இரண்டு கையையும் விரித்தார். "ஆஹா! கேது உள்ள எறங்கிட்டான். நீங்க எடுத்தது வெறும் கூடு!"

மண்டபம் அதிரக் கைதட்டியது. ஒருவர் அழுதே விட்டார். விருத்தகிரி உட்கார்ந்துவிட்டார், பாவம், திருப்புளி திருகாணியைத்தான் கழற்றும். சுவாமிகளின் விரல் மறுபடியும் பொத்தானை நோக்கி இறங்கியது.

மேடையில் நின்ற கனகாவின் காலடிக்கு அந்தக் கேது உருண்டு வந்திருந்தது. குனிந்து எடுத்தாள். மேல்பக்கம் கறுப்புப் பளபளப்பு. அடிப்பக்கம் வெளிறிய நிறம். சூளைக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. முதல் சூடு மட்டும் கண்ட, பூச்சு ஏறாத மண்ணா என்று தெரிய, துண்டை எடுத்து நாக்கில் வைப்பார்கள். மண் ஈரத்தை உறிஞ்சி நாக்கைப் பிடித்துக்கொள்ளும். கனகா யோசிக்கவே இல்லை. முந்தானையில் துடைத்தாள், நாக்கை நீட்டினாள், அடிப்பக்கத்தை வைத்தாள்.

ஒட்டிக்கொண்டது.

நாக்கில் கேதுவோடு, வாயை மூட முடியாமல், சுவாமிகளைப் பார்த்துக் கனகா சொன்னாள்: "இஹு... மண்ணு!"

"என்னாம்மா சொல்ற?" என்றார் பச்சமுத்து.

அவள் கேதுவைப் பிய்த்து எடுத்தாள். "மண்ணுங்க! சிப்பு நாக்குல ஒட்டாது. சுட்ட மண்ணுதான் ஒட்டும்." அடியைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தாள். முகம் வெளுத்தது, பிறகு சிவந்தது. "அய்யய்யோ... பின்னால மூணு கோடு. பச புடிக்கட்டும்னு சீப்பால நான் இழுத்த கோடு. இது என் சூளையில வெந்ததுங்க! மொசைக் கல்லுன்னு சொல்லி ஒரு ஏஜென்ட்டு ஐநூறு வாங்கிட்டுப் போனாரு. ஒண்ணு ரெண்டு ரூவா!"

தான் இரண்டு ரூபாய்க்கு விற்ற கிரகத்தைக் கனகா இருபத்தேழாயிரத்துக்குத் திரும்ப வாங்கியிருந்தாள்.

அடுத்த ஐந்து நிமிடம் விருத்தாசலம் கண்டிராத காட்சி. மண்டபம் முழுக்கச் சந்தன முத்திரைகள் பிய்ந்தன. முந்நூறு பேர் நாக்கை நீட்டிக்கொண்டு நின்றார்கள். "எனுக்கும் ஒட்டுது!" "ஏய், என் கேது வுட மாட்றான்!" "சாமி, நீங்களும் நக்கிப் பாருங்க!" ஸ்ரீமுஷ்ணத்துக்காரர் ஒருவர் ஆர்வத்தில் நல்ல சிப்பையும் நக்கினார். அது ஒட்டவில்லை. நக்கிப் பார்த்ததில் கிடைத்த அறிவு அவ்வளவுதான், அதுவும் போதும்.

சுவாமிகள் சமையலறை வழியாகச் சூட்சும சரீரத்தோடு வெளியேறப் பார்த்தார். ஸ்தூல சரீரம் பாத்திரத்தில் இடித்துக்கொண்டது. பிடித்து வந்தார்கள். இரண்டு பேர் கையை ஓங்கினார்கள். பச்சமுத்து குறுக்கே போய் நின்றார். "அடிக்காதீங்கய்யா. அவரு ஏமாத்துனாரு, நாம ஏமாந்தோம், ரெண்டும் பாதி பாதி. போலீஸு வரட்டும். ஆளுக்கு நெஞ்சு அடைக்குது பாரு, மொதல்ல ஒரு சொம்பு தண்ணி குடுங்க." தண்ணீர் குடித்த ராஜ்மோகன் அப்போதுதான் முதன்முறையாக, வெட்கத்தில், உண்மையாகவே கண்ணை மூடினார்.

கூட்டம் விருத்தகிரியைச் சூழ்ந்தது. "அப்ப எதைத்தான் வாங்கறது?"

"ஒம்பது சிப்பு ராம் நெசமாவே இருக்குதுங்க. எட்டு சொல்றத ஒம்பதாவது சரிபாக்கும், சின்ன தப்ப திருத்தும். அதுக்கு ஏத்த போர்டு வேணும்; ஜாதகம் வேணாம். வசதி இல்லியா, எட்டு சிப்பே போடுங்க. ஆனா சோதன புரோகிராம் ஒரு நாளு ஓட வுட்டுப் பாருங்க, கெட்டதுன்னா செவப்பா காட்டிக் குடுத்துடும். வன்தட்டு ரெண்டு போடுங்க, குடும்பம் ஒண்ணும் பிரியாது. அதோட இன்னொரு பிரதிய வேற வூட்ல வைங்க. ஒரே எடத்துல வச்சா எந்தச் சாமியாலயும் காப்பாத்த முடியாது."

"அவ்ளோதானா?" என்றார் ஒருவர், ஏமாற்றத்தோடு.

அவ்வளவுதான். எட்டைக் கண்டு நடுங்கிய பெருமக்களே, கடவுள் உங்களுக்கு ஒரு தலையைக் கொடுத்து அதன்மேல் எந்தச் சந்தன முத்திரையும் வைக்கவில்லை. அதையும் திறக்காமலே வைத்திருந்தால், யார் வேண்டுமானாலும் உள்ளே மண்ணைத்தான் ஒட்டுவார்கள்.

கனகாவின் லேப்டாப் தப்பியது. அவளுடைய சர்வரின் போர்டு ஏற்றதாகவே இருந்ததால், விருத்தகிரி அதில் அன்றைக்கே உண்மையான ஒன்பது சிப்புப் பட்டைகள் இரண்டு போட்டுக் கொடுத்தார். "கடையில சும்மா கெடந்துச்சு, வச்சிக்க." லேப்டாப்பிலிருந்து மறுபடியும் ஏற்றியதும் பிள்ளையாருக்கு முகம் வந்தது. ஏழாவது அவதாரம் வில்லோடு நின்றார். முந்நூறு செட்டும் சென்னைக்குப் போயின.

ஐப்பசி மழை பிடித்த ஒரு பிற்பகல், கனகா அவர் கடைக்கு வந்தாள். மேசைக்கு அடியில் அவருடைய சொந்த சர்வர் மூடியில்லாமல் கிடந்தது. ராம் செருகும் இடங்கள் இரண்டும் காலி. அதன்மேல் ஒன்றரை மாதத் தூசி. பார்த்தாள். குனிந்து, பள்ளத்தின் அளவைக் குறித்துக்கொண்டாள்.

பத்து நாள் கழித்து மறுபடியும் வந்தாள். "கடைய கொஞ்சம் பாத்துக்கம்மா, டீ குடிச்சிட்டு வரேன்" என்று விருத்தகிரி குடையை எடுத்துக்கொண்டு இறங்கினார். தெருவில் மழை. கடையில் யாருமில்லை. கனகா கீழே உட்கார்ந்து தூசியைத் துடைத்தாள். கைப்பையிலிருந்து புத்தம்புது ஒன்பது சிப்புப் பட்டைகள் இரண்டை எடுத்து, பள்ளம் பார்த்துப் பொருத்தி, இரு கட்டைவிரலாலும் அழுத்தினாள். இரண்டு ஓரத்திலும் கொக்கி 'டிக்' என்று விழுந்தது. மூடியைப் போட்டுத் திருகாணி நாலையும் முடுக்கினாள். பிறகு எழுந்து முக்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

விருத்தகிரி குடையை உதறிக்கொண்டு உள்ளே வந்தார்.

"யாராச்சும் வந்தாங்களாம்மா?"

"யாரும் வரலண்ணே. நான் போயிட்டு வரேன்."