வடக்கு எல்லைத் தம்பிக்கு ஒரு போர் அறிவிப்பு

என் உடன்பிறந்த தம்பியும் வடக்கு எல்லை மன்னனுமாகிய உனக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கு நான், உன் அண்ணி, பால்கனிச் செடிகள் அனைவரும் சௌக்கியம். அங்கு நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இரண்டு வருஷமாக நமக்குள் பேச்சுவார்த்தை இல்லை என்பது எனக்கு மறந்துவிடவில்லை. கடிதம் எழுதுவது பேச்சில் சேராது. ஆகவே அண்ணன் இறங்கி வந்துவிட்டான் என்று உன் மனைவியிடம் பெருமை அடித்துக்கொள்ள வேண்டாம். விஷயம் இவ்வளவுதான்: வருகிற ஞாயிற்றுக்கிழமை மாலை, தூக்கம் போட்டு எழுந்து, காபி குடித்துவிட்டு, உன் நாட்டின் மீது படையெடுக்கலாம் என்று இருக்கிறேன். மூத்தவனாகப் பிறந்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் வந்து அடிப்பது முறையல்ல என்பதால் முன்கூட்டியே தெரிவிக்கிறேன்.

இந்த விளையாட்டை என் தலையில் கட்டியது மாப்பிள்ளைதான். "எல்லாரும் ஆளுக்கொரு மூலையில உக்காந்து போனைத்தான் பாக்குறீங்க மாமா. அதையே சேர்ந்து பாத்தா என்ன?" என்று சொல்லி, குடும்பத்தில் ஒருவர் விடாமல் ஒவ்வொருவரையும் அரசனாக்கிவிட்டார். உன் போனிலும் அவர்தான் ஏற்றிக் கொடுத்தார் என்று கேள்வி. நானோ காலமெல்லாம் டயர் கிடங்கைக் கட்டி மேய்த்தவன். ராஜ்யம் கிடைத்ததும் மூன்று களஞ்சியம் கட்டினேன், ஒரு கால்வாய் வெட்டினேன், ஆடுகளுக்குக் கொட்டகை போட்டேன். படை என்று பார்த்தால் பேருக்குக் கொஞ்சம் பேர். மூன்று மாசமாக ஊர் செழிப்பாகத்தான் இருந்தது. போன வாரம், தாடி வைத்த மந்திரி ஒருவர் திரையில் வந்து கும்பிடு போட்டு, "அரசே, தாங்கள் இதுவரை போர் காணவில்லை. ஞாயிறு இரவுக்குள் போர் காணாத நாடு கலைக்கப்பட்டு அண்டை நாடுகளுக்குப் பங்கிடப்படும்" என்றார். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வரிசையில் எனக்கு முன்னால் புகுந்தவனைக்கூட ஏனென்று கேட்காதவன் நான். என்னைப் போய் யாரையாவது அடி என்றால் யாரை அடிப்பேன்? அதே சமயம், பார்த்துப் பார்த்து வெட்டிய கால்வாயை யாருக்கோ பங்கு வைத்துவிட்டுச் சும்மா இருக்கவும் மனசு வரவில்லை.

எனக்கு நாலு பக்கமும் நாலு நாடு. கிழக்கே சம்பந்தி. மந்திரியைக் கேட்டால் அவரைத்தான் கை காட்டுகிறார், மதில் மண் மதிலாம், படையில் முரசு அடிப்பவர்களைத் தவிர ஆளே இல்லையாம். நியாயமாகப் பார்த்தால் ஒரு மத்தியானத்தில் முடிகிற வேலை. இருந்தாலும் மகளிடம் ஜாடைமாடையாகக் கேட்டுப் பார்த்தேன். "அப்பா, மாமா தினமும் எழுந்ததும் பல்லுகூட விளக்காம அவரு ஊருக்கு விளக்கு ஏத்துறாரு. நீங்க பாட்டுக்கு ஏதாவது பண்ணி வெச்சிட்டீங்கன்னா நான் இந்த வீட்டுல நடமாட முடியாது" என்றாள். பெண்ணைக் கொடுத்த இடத்தில் தீயை வைக்க முடியுமா? போதாக்குறைக்கு அந்த மனிதர் தினமும் காலையில் எனக்கு ஒரு மூட்டை கோதுமை அனுப்பி "வணக்கம் சம்பந்தி" என்று வேறு எழுதுகிறார். அவரை விட்டுவிட்டேன்.

தெற்கே உன் அண்ணி. தங்கச் சுரங்கம், கல் மதில், யானைப்படை எல்லாம் அவளிடம்தான் இருக்கிறது, எப்போது சேர்த்தாள் என்றே தெரியவில்லை. ஒருநாள் என் குதிரை ஒன்றை அவள் எல்லைப் பக்கம் நிறுத்தி வைத்தேன், ஆழம் பார்க்கத்தான். சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல், "குதிரை எதுக்கு அந்தப் பக்கம் வந்துச்சு?" என்றாள். "மேயறதுக்கு" என்றேன். "மேஞ்சது போதும், ஓட்டிட்டுப் போங்க" என்றாள். ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன். கல்யாணமான நாளிலிருந்து ஜெயிக்காத இடத்தில் இந்த வயசில் போய் ஜெயிக்கப் போகிறேனா?

மேற்கே எங்கள் வீட்டுக்காரர். கீழ்த்தளத்தில் இருக்கிறார், தண்ணீர் மோட்டார் சுவிட்ச் அவர் சமையலறைக்குள் இருக்கிறது. அவருக்கும் மாப்பிள்ளைதான் விளையாட்டைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார், வேறு வேலை இல்லை அவருக்கு. வீட்டுக்காரர் கோட்டைக்கு ஒரே ஒரு ஒற்றனை அனுப்பினேன். மறுநாள் காலை எங்களுக்குக் குழாயில் காற்றுதான் வந்தது. தலையில் சோப்போடு நின்றுகொண்டு மாடிப்படியில் எட்டிக் கேட்டால், "மோட்டாருக்கு என்னமோ ஆயிடுச்சு சார், உங்க ஒற்றனை வேணா அனுப்பிப் பாக்கச் சொல்லுங்க" என்கிறார். இவரை அடித்து நாடு பிடித்தால் நாடு இருக்கும், குளிக்கத் தண்ணீர் இருக்காது.

மீதி இருப்பது நீதான். மந்திரி வேண்டவே வேண்டாம் என்கிறார். உன் மதில்தான் இருப்பதிலேயே உயரம், ஏறுவதற்கு ஏணிகள் வேண்டும், என்னிடம் ஏணி செய்யத் தச்சன்கூட இல்லை. ஆனால் மந்திரிக்கு நம் குடும்பத்தைப் பற்றி என்ன தெரியும்? மற்றவர்களை அடித்தால் ஏதாவது ஒன்று கெட்டுப் போகும். உன்னை அடித்தால் கெட்டுப் போக என்ன மிச்சம் இருக்கிறது? ஏணி என்றதும் உனக்கும் ஞாபகம் வந்திருக்கும். நாம் இரண்டு பேரும் சேர்ந்து வாங்கிய அலுமினிய ஏணியை மின்விசிறி மாட்ட எடுத்துக்கொண்டு போனவன் நீ. திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று சாதித்தவனும் நீதான். ஏணி என்ன, சட்டைப் பையில் போட்டு மறக்கிற பொருளா? அதற்காக இரண்டு வருஷம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பதும் நீதான். நானும்தான், அது வேறு விஷயம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாள் குறிப்பதற்கு முன்னால் உன் ஊருக்கு ஒற்றனை அனுப்பினேன். "மன்னர் ஊரில் இல்லை" என்று வந்து சொன்னான். மறுநாளும் அதையே சொன்னான். ஒரு வாரமாக இதே கதை. உன் வயலில் கதிர் முற்றிச் சாய்ந்து கிடக்கிறது, ஆடுகள் தெருவில் நிற்கின்றன, ஒரு விளக்கு எரியவில்லை. உனக்கு அந்த வயிற்று வலி திரும்ப வந்துவிட்டதா? டாக்டரிடம் போனாயா, இல்லை வழக்கம்போல் சோடா குடித்துவிட்டுப் படுத்திருக்கிறாயா? யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை, பயமாகவும் இருக்கிறது. அதனால் என் படை மொத்தத்தையும் அனுப்பி உன் களஞ்சியத்தைச் சுற்றிக் காவலுக்கு நிறுத்தியிருக்கிறேன். ஆடுகளையும் அவர்களே கொட்டகையில் சேர்த்துவிட்டார்கள். பாசத்தில் செய்ததாக நினைத்துக்கொள்ளாதே. ஞாயிற்றுக்கிழமை நான் அடிக்க வேண்டிய ஊரை அதற்குள் வேறு எவனாவது அடித்துவிட்டால் நான் யாரிடம் போய் நிற்பது?

ஆகவே உடம்பைத் தேற்றிக்கொண்டு, ஞாயிறு மாலை உன் கோட்டையின் தெற்கு வாசலில் தயாராக இருக்கவும். மழை பெய்தால் சொல்லி அனுப்பு, இரவு வரைக்கும் அவகாசம் இருக்கிறது. உன் மனைவிக்கு என் விசாரிப்பு. பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். நீ தீர்க்காயுசாக இருந்து, தோற்றாலும் மனம் தளராமல், மேலும் மேலும் மதில் கட்டி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன்னைத் தாக்கவிருக்கும் அண்ணன்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது போனில் கொம்பு ஊதியது. என் தலைநகரம் விழுந்துவிட்டதாம். எதிர்ப்பு எதுவும் இல்லையாம். எப்படி இருக்கும், எதிர்க்க வேண்டியவர்கள் அத்தனை பேரும் உன் ஆடுகளை மேய்த்துக்கொண்டிருக்கிறார்களே. மன்னர் ஒரு வாரமாக ஊரில் இல்லை என்றால் நோயில் படுத்திருக்கிறார் என்று நினைத்த நான் மடையன். நீ ஏணிகளைத் தூக்கிக்கொண்டு என்னை நோக்கி நடந்துகொண்டிருந்திருக்கிறாய். கீழே, தோற்றவருக்குச் செய்தி என்று போட்டிருக்கும் கட்டத்தில் நீ எழுதியதையும் படித்தேன்: "அண்ணா, எனக்கும் ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒரு சண்டை வேணும்னு மந்திரி புடுங்கி எடுத்துட்டாரு. ஒரு பக்கம் என் மச்சான், இன்னொரு பக்கம் என் முதலாளி. உங்கள விட்டா எனக்கு அடிக்க யாரு இருக்கா? அப்புறம், நம்ம ஏணிய எதிர்வீட்டுக்காரரு வாங்கிட்டுப் போனத நான் சுத்தமா மறந்தே போயிட்டேன். போன வாரம்தான் திருப்பிக் குடுத்தாரு. போன் பண்ணிச் சொல்லக் கூச்சமா இருந்துச்சு. அதான் படையெடுத்து வந்தேன்."

மந்திரி வந்து, தோற்றாலும் இது போர் கண்ட நாடுதான், கலைக்க மாட்டோம் என்று கும்பிடு போட்டுவிட்டுப் போனார். கால்வாய் இனி உன்னுடையது, மதகைத் தினமும் திறந்து விடு. நேர்வழியில் என் ஆட்கள் நிற்பதால் நீ சுற்றிக்கொண்டு உன் அண்ணியின் எல்லை வழியாக வந்திருக்கிறாய் என்று வரைபடத்தில் தெரிகிறது. அவளிடம் கேட்டேன். "ரெண்டு நாளா என் வழியாத்தான் போனாரு. ஏணியப் பாத்தேன், விட்டுட்டேன்" என்றாள். "ஏன் என்கிட்ட சொல்லல?" என்றேன். "சொல்லியிருந்தா நீங்க கதவைச் சாத்தியிருப்பீங்க" என்றாள்.

கவருக்குத் தபால்தலை ஒட்டியாகிவிட்டது, வீணாக்க வேண்டாமே என்று இதை அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வந்துவிடு. ஏணியை மாடிப்படித் திருப்பத்தில் சுவரில் இடிக்காமல் கொண்டு வா, வீட்டுக்காரர் தண்ணீரை நிறுத்திவிடுவார்.