ஏழு விரலும் ஒரு டம்ளரும்

கவலைப்பட எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். இந்த ஒரு பாடத்துக்குப் பரீட்சை வைத்திருந்தால் மாநிலத்திலேயே முதலாவதாக வந்திருப்பேன். அடுப்பில் பால் வைத்தால் பொங்கிவிடுமோ என்று கவலை. பொங்காவிட்டால் திரிந்துவிட்டதோ என்று கவலை. இப்படிப்பட்டவளைத் தேடிப் பிடித்துப் பட்டாளத்துக்காரருக்குக் கட்டிக்கொடுத்தது என் அப்பாவின் சாமர்த்தியம்.

எண்பதுகளின் கடைசியில் நம் பட்டாளம் இலங்கைக்குப் போனபோது என் வீட்டுக்காரரும் போனார். விழுப்புரத்தில் நானும் மாமியார் பச்சையம்மாளும் மட்டும். கடிதம் வந்தால், எழுதி இத்தனை நாள் ஆகிவிட்டதே, இப்போது எப்படி இருக்கிறாரோ என்று கவலை. வராவிட்டால் கேட்கவே வேண்டாம்.

அப்போதுதான் எங்கள் தெரு காவேரி அக்கா, பட்டாளத்துக் குடும்பப் பெண்களைச் சேர்த்து ஒரு தொண்டர் அணி ஆரம்பித்தார். அவர் கணவர் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய விசில் மட்டும் ஓய்வு பெறாமல் அக்காவின் கழுத்துக்கு வந்துவிட்டது. தெற்கேயிருந்து மெட்ராஸ் போகும் ராணுவ ரயில் விழுப்புரத்தில் இன்ஜின் மாற்ற நிற்கும். அந்த நேரத்துக்குள் ஜவான்களுக்கு டீயும் வேகவைத்த மல்லாட்டையும் (வேர்க்கடலைக்கு எங்கள் ஊர்ப் பெயர்) கொடுக்க வேண்டும். இதுதான் எங்கள் யுத்த சேவை. நீலக் கரை போட்ட வெள்ளைப் புடவை, கையில் பச்சை ரிப்பன். டீ ஊற்றுவதற்கு எதற்கு அணிவகுப்பு என்று எனக்குப் புரியவில்லை. ஆனாலும் வாளியைத் தூக்கிக்கொண்டு மைதானத்தில் லெப்ட் ரைட் போட்டோம். (நான் எப்போதும் ரைட்டில்தான் ஆரம்பிப்பேன். தப்பான காலை வைத்துவிடக் கூடாதே என்ற கவலையில்.)

டம்ளர்கள் அவரவர் வீட்டிலிருந்து வரும். எவர்சில்வர் என்றால் பெயர் வெட்டாமல் எந்த வீட்டிலும் இருக்காது. மாமியார் தன் பெயர் வெட்டிய டம்ளர்களைத் தாராளமாகக் கொடுத்தனுப்புவார். ஒன்று மட்டும் சாமி மாடத்தில் கவிழ்ந்திருக்கும். அது மகனுடையது. அவர் ஊரில் இல்லாதபோது அதில் யாரும் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. டம்ளர் வீட்டில் இருந்தால் அதற்கு உரியவனும் வீடு வந்து சேருவான் என்பது மாமியாரின் நம்பிக்கை. எனக்கு அதைவிட நம்பிக்கை. அதில் 'ஏழுமலை' என்று வெட்டியிருக்கும். அதன் கீழே 'அன்பளிப்பு: தாய்மாமன்'.

(வீட்டுக்காரர் பெயரை வாயால் சொன்னால் அவருக்கு ஆயுள் குறையும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். எழுதினால் குறையாது என்று என் மருமகள் உறுதி கொடுத்த பிறகே இதை எழுதுகிறேன்.)

அன்று வெள்ளிக்கிழமை. மாமியார் விளக்கோடு அந்த டம்ளரையும் புளி போட்டுத் தேய்த்து, கூடையில் காயவைத்துவிட்டுக் கோயிலுக்குப் போயிருந்தார். தெருவில் விசில் சத்தம்.

"ஜல்தி வாங்கடி! வண்டி முன்னாடியே வந்துக்கினு இருக்குதாம்!"

கூடையில் இருந்ததையெல்லாம் பையில் கொட்டிக்கொண்டு ஓடினேன்.

டீ ஊற்றி முடிக்கும்வரை ஒன்றும் தெரியவில்லை. காலி டம்ளர்களைச் சேகரிக்கும்போதுதான் பார்த்தேன். ஜன்னலோரம் ஒரு சர்தார் ரசித்து ரசித்துக் குடித்துக்கொண்டிருக்கிறார். அவர் மோதிர விரலுக்கு மேலே 'ஏழுமலை'!

"ஐயையோ, அதக் குடுங்க!" என்றேன். அவர் என்னவோ இந்தியில் பாராட்டிவிட்டு, டம்ளரோடு உள்ளே போய்விட்டார். எனக்குக் கை கால் ஓடவில்லை. ஆனால் பெட்டிக்குள் ஏறுவதற்கு மட்டும் எப்படியோ ஓடியது.

உள்ளே எல்லாச் சர்தாரும் ஒரே மாதிரி இருந்தார்கள். நான் முகம் முகமாகப் பார்த்துக்கொண்டு போகையில் காலடியில் தரை நகர்ந்தது. வெளியே காவேரி அக்கா விசிலை ஊதிக்கொண்டே ஓடி வந்தார்.

"கோமதி! எறங்குடி! பேஜாரு பண்ணாத, எறங்கு!"

எப்படி இறங்குவது? சங்கிலியைப் பார்த்தேன். காரணமில்லாமல் இழுத்தால் அபராதம், சிறை என்று எழுதியிருந்தது. (எட்டாவது படித்தவளுக்கு இதெல்லாம் நன்றாகப் படிக்க வரும்.) டம்ளர் ஒரு காரணமா, இல்லையா? யோசித்து முடிப்பதற்குள் முண்டியம்பாக்கம் பின்னால் போய்விட்டது.

ஒரு சின்ன வயசு ஜவான் எழுந்து வந்தான். "அழாதக்கா. நானு செஞ்சிப் பக்கந்தான். என்னா வோணும்?"

"டம்ளரு."

"எந்த டம்ளரு?"

"பேரு போட்டது."

"எல்லாத்துலயும் பேரு போட்டுதான் இருக்குது. என்னா பேரு, சொல்லு."

வாயைத் திறந்தேன். மூடினேன். சாதாரண நாளிலேயே சொல்லாத பெயர். குண்டு வெடிக்கிற இடத்தில் அவர் நிற்கும்போது, நான் வசதியாக ரயிலில் உட்கார்ந்துகொண்டு சொல்லிவிடுவதா? ஏழு விரலைக் காட்டினேன். பிறகு இரண்டு கையையும் தலைக்கு மேலே கூராகச் சேர்த்து மலை காட்டினேன்.

அவன் நெற்றியைச் சுருக்கினான். "ஏழு... கும்பிடு... திருப்பதியா? அக்கா, இந்த வண்டி மெட்ராஸுக்குத்தான் போவும். திருப்பதிக்கு வேற வண்டிக்கா."

மறுபடியும் விரல், மறுபடியும் மலை. இதற்குள் பெட்டி முழுக்க எங்களைச் சுற்றிக் கூடிவிட்டது. ஆளாளுக்கு ஒரு மொழியில் அர்த்தம் சொன்னார்கள். கடைசியில் ஒரு பெரியவர், சர்தார்தான், எல்லாம் புரிந்தவர் போலத் தலையாட்டிவிட்டுப் போய், எண்ணி ஏழு டம்ளர் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

செஞ்சிப் பையன் ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தான். "பச்சையம்மாள். பச்சையம்மாள். காவேரி. பச்சையம்மாள். என்னாக்கா, ஊர்ல வேற பேரே இல்லியா? ஏழுமலை..."

பிடுங்கிக்கொண்டேன். பிடுங்கியவள் மாரோடு அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதுவிட்டேன்.

"வூட்டுக்காரரா?"

தலையாட்டினேன்.

"எங்க இருக்காரு?"

"நீங்கள்லாம் எங்கேந்து வரீங்களோ, அங்கதான்."

அவன் இந்தியில் மெதுவாக இரண்டு வார்த்தை சொன்னான். அந்தப் பெரிய சர்தார் என் கையிலிருந்து டம்ளரை வாங்கினார். தன் கைக்குட்டையால் உள்ளேயும் வெளியேயும் துடைத்து, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

எதிர்வண்டிக்காகத் திண்டிவனத்தில் நிறுத்தினார்கள். என்னைக் கைத்தாங்கலாக இறக்கிவிட்டு, மடியிலிருந்த மற்ற டம்ளர்களையும் ஒரு பச்சைத் துணியில் மூட்டையாகக் கட்டிக் கொடுத்தார்கள். பிளாட்பாரத்தில் ஸ்டேஷன் மாஸ்டர் ஓடி வந்தார்.

"யாரும்மா நீ? மிலிட்டிரி வண்டியில உனக்கு என்னா வேல? மூட்டையில என்னா? உளவு கிளவு பாக்க வந்தியா?"

"இல்லீங்க. டீ குடுக்க வந்தேங்க."

"டீ குடுக்கறவங்க விழுப்புரத்துல இல்ல நிப்பாங்க? வூட்டுக்காரர் பேரு என்னா?"

போச்சு. இங்கேயும் அதே கேள்வி. இந்த முறை விரலை நம்பவில்லை. டம்ளரை அவர் மூக்குக்கு நேராக நீட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். ஒரு வரி விடவில்லை. பிறகு விழுப்புரத்துக்குப் போன் போட்டார்.

"ஹலோ, உங்க ஊரு டீக்கார அம்மா ஒண்ணு இங்க வந்து நிக்குதுப்பா. புருஷன் பேரு ஏழுமலை. அன்பளிப்பு தாய்மாமன்."

பஸ் பிடித்து வீடு வந்து சேர்வதற்குள் செய்தி தெருவுக்கு வந்துவிட்டது. 'கோமதி பட்டாளத்தில் சேர்ந்துவிட்டாள்' என்று பாதித் தெரு. 'புருஷனைக் கூட்டிவர இலங்கைக்கே போய்விட்டாள்' என்று மீதித் தெரு. மாமியார் வாசலில் நின்றுகொண்டிருந்தார். டம்ளரை நீட்டினேன்.

"இதுல யாராவது குடிச்சாங்களா?"

பொய் சொல்ல வரவில்லை. "ஒரு சர்தார் குடிச்சிட்டாருங்க, அத்தை."

டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சக்கரை போதுமா இருந்துதாமா?"

"ரசிச்சிக் குடிச்சாருங்க."

"அப்புறம் என்னா? எம் புள்ள பேருல ஒருத்தன் வயிறு குளுந்துது. போயி மொகம் கழுவு." அதைக் கழுவிக் கொண்டுபோய் மாடத்தில் கவிழ்த்தார்.

வீட்டுக்காரர் இலங்கையிலிருந்து திரும்பி வந்தார், முழுசாக. வந்த அன்றைக்கே தெரு மொத்தமும் கதையைச் சொல்லிவிட்டது. அன்றிலிருந்து ரேஷன் கடைக்குப் போனாலும் பேங்குக்குப் போனாலும் அவர் வாசலிலிருந்து குரல் கொடுப்பார்: "டம்ளர எடுத்துக்கினியா?" பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். இப்போது பேரன்களும்.

போன மாதம் முட்டி வலிக்காக ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தோம். சீட்டு எழுதும் பெண், "கணவர் பேர் சொல்லுங்கம்மா" என்றாள். பக்கத்தில் நிற்பவரைத் திரும்பிப் பார்த்தேன். அவராவது சொல்லலாம் இல்லையா? அவரோ சாவகாசமாகப் பையில் கையை விட்டு, அந்த டம்ளரை எடுத்து மேசைமேல் வைத்தார்.