சொட்டு ஊழியக்காரர்கள்

வேதப் புத்தகத்தோடு வந்து கதவைத் தட்டுகிற ஊழியக்காரர்களை உங்களுக்குத் தெரியும். விளக்கை அணைத்துவிட்டு, வீட்டில் ஆளில்லாத மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் போய்விடுவார்கள். நான் சொல்லப்போகிற இனம் அப்படிப் போகாது. கைப்பைக்குள் ஒரு பழுப்பு நிறப் புட்டி, அதன் மூடியில் சொட்டுவிடும் குழாய், வாயில் ஒரே கேள்வி: "உங்களுக்கு எங்கேயாவது வலிக்குதா?" நீங்கள் பாவம், மரியாதைக்கு "லேசா முட்டி" என்று சொல்லிவிடுவீர்கள். தீர்ந்தது. இனி உங்கள் காபி ஆறிப்போகும்.

இவர்கள்தான் சிபிடி என்கிற வலி எண்ணெயின் சொட்டு ஊழியக்காரர்கள். எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அமெரிக்காவின் கெண்டக்கி மாநிலத்தில் எங்கள் வட்டாரத்துக்கு நானே தலைமை ஊழியக்காரி.

எனக்கு ஃபைப்ரோமயால்ஜியா. உடம்பில் வலிக்காத இடத்தை விரல் வைத்துக் காட்டச் சொன்னால் யோசிக்க வேண்டியிருக்கும். ஆனால் எக்ஸ்ரே எடுத்தால் குதிரை மாதிரி இருக்கிறேன் என்று வரும். இப்படி ஒரு வலியை யார் நம்புவார்கள்? ஊர் நம்பாவிட்டால் போகட்டும். என் தங்கை ஆர்டித் நம்பவில்லை என்பதுதான் என் மனக்குறை. "எல்லாம் மனசுதான்க்கா" என்று ஒருமுறை சொன்னாள். அன்றிலிருந்து, அவள் வாயால் "உனக்கு நிஜமாவே வலிக்குது" என்று கேட்டுவிட வேண்டும் என்பதே என் லட்சியமாகிப் போனது. அதற்கு நான் கண்டுபிடித்த சாட்சிதான் இந்தப் புட்டி. மருந்துக்கு வலி கேட்டால் நோயும் உண்டுதானே?

வலி கேட்கிறதா என்று நீங்கள் கேட்கக் கூடாது. ஊழியக்காரரிடம் கேட்கவே கூடாத கேள்வி அது. நன்றாகத் தூங்கினால் எண்ணெயின் மகிமை. தூங்காவிட்டால் அளவு போதவில்லை. வலி கூடினால் மழை வரப்போகிறது. டாக்டர், "சிலருக்குக் கேக்குதுங்கறாங்க, உறுதியாச் சொல்ல முடியாது" என்றார். அதில் முதல் பாதியை மட்டும் நான் ஊரெல்லாம் சொன்னேன். என் வியாக்கியானமும் மனப்பாடம்: இது கஞ்சாக் குடும்பத்துச் செடிதான், ஆனால் சாதுவான பிள்ளை, போதை தராது, உங்கள் தாத்தா புகையிலை போட்ட அதே நிலத்தில்தான் வளர்கிறது, பெட்ரோல் பங்கில் மீன் பிடிக்கிற புழு டப்பாவுக்குப் பக்கத்திலேயே விற்கிறார்கள். நாய்க்கும் கொடுத்தேன். அதற்கு வலியே இல்லை. இருந்தாலும் முன்னேற்றம் தெரிந்தது.

வீட்டில் இந்த எண்ணெயால் உண்மையிலேயே பயனடைந்தவர் என் கணவர் ஹார்லன். சொட்டை நாக்குக்கு அடியில் விட்டால் கொஞ்ச நேரம் விழுங்காமல் வைத்திருக்க வேண்டும். அதுவரை பேச முடியாது.

"நெல்டா, இன்னும் ரெண்டு சொட்டு போட்டுக்கோயேன்" என்பார். "பாவம், உடம்பு முடியலைல்ல."

போன புதன்கிழமை சபையில் விருந்து. அவரவர் வீட்டுப் பண்டத்தைக் கொண்டுவந்து நீள மேசையில் வைப்போம். வெகு நாளைக்குப் பிறகு ஆர்டித் வந்தாள், வாழைப்பழப் புட்டிங் இனிப்போடு. என் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். விடுவேனா? அவள் கண்ணுக்கு நேராகப் புட்டியைத் தூக்கி, நாக்கை மடித்து, ஊருக்கே தெரிகிற மாதிரி சொட்டுகளை விட்டு, "இப்போ பாரு" என்கிற பாவனையில் விரலை உயர்த்தினேன்.

அந்த நேரம் பார்த்து பாஸ்டர் டோலிவர் எழுந்தார். சாப்பாட்டு ஜெபத்துக்கு யாரையும் முன்கூட்டிச் சொல்லிவைக்க மாட்டார், கண்ணில் படுகிறவர்தான்.

"சகோதரி நெல்டா கையைத் தூக்கிட்டாங்க! ஜெபம் பண்ணுங்கம்மா."

எல்லோரும் கைகோத்துத் தலை குனிந்தார்கள். விழுங்கினால் ஆர்டித் முன்னால் மருந்து வீண். விழுங்காவிட்டால் ஆண்டவர் முன்னால் நான் ஊமை. நான் ஆர்டித்தையே தேர்ந்தெடுத்தேன், கர்த்தர் மன்னிப்பார். நிசப்தம் நீண்டது. பொரித்த கோழி ஆறியது. எங்கோ ஒருவர் மூக்கை உறிஞ்சினார்.

என் வலப்பக்கம் கிளீட்டஸ், பண்ணைக்காரர். பக்தி ஏற ஏற என் விரல்களைப் பிழிந்தார். உயிர் போயிற்று. இடது கையில் மட்டும் வலியில்லை. ஏன் என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். ஆர்டித் என் கையைப் பிடிக்கவே இல்லை. தன் உள்ளங்கையை விரித்து, அதன்மேல் என் கையைச் சும்மா வைத்திருந்தாள், விரலை மூடாமல். அந்த நோய் வந்த கையை எப்படித் தொட வேண்டுமோ அப்படி. அதை நான் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. எண்ணெயைப் பற்றிச் சொல்லவே நேரம் போதவில்லையே!

விழுங்கிவிட்டு "ஆமென்" என்றேன். கிளீட்டஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இப்படி ஒரு ஜெபம் நான் கேட்டதே இல்லம்மா." உண்மைதான், யாருமே கேட்கவில்லை.

"நீ என்னை நம்புறியாடி?" என்று ஆர்டித்திடம் மெதுவாகக் கேட்டேன்.

"'எல்லாம் மனசு'ன்னு சொன்ன மறுவாரமே டாக்டரைப் பாத்து இந்த நோயைப் பத்தி விசாரிச்சேன்க்கா. மன்னிப்புக் கேக்கலாம்னு எத்தனை தடவை வந்தேன்! 'எப்படி இருக்கே'ன்னு கேட்டா எண்ணெய் எப்படி இருக்குன்னு சொல்லுவே. அதான் வரதையே விட்டுட்டேன்." என் தட்டில் கோழியை எடுத்து வைத்தாள். "இப்பவாவது சொல்லு. உனக்கு எப்படி இருக்கு?"

"வலிக்குதுடி" என்றேன். அழுகை வந்துவிட்டது. கூட ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. சத்தியமாக, அதுதான் நான் அந்த நோயைப் பற்றிப் பேசிய முதல் பேச்சு.

திருந்திவிட்டேன் என்றா நினைக்கிறீர்கள்? புட்டிங் வருவதற்குள், எதிரே ஒருத்தி இடுப்பைத் தடவினாள். என் கை கைப்பைக்குள் போய்விட்டது. ஆர்டித் பார்த்தாள். வெறுங்கையை வெளியே எடுத்து, "ரொம்ப வலிக்குதாம்மா?" என்று மட்டும் கேட்டேன். எவ்வளவு கஷ்டமாக இருந்தது தெரியுமா!

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களிடம் புட்டி இல்லைதான். ஆனால் என் உடம்பு வலியைப் பற்றி நான் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது, "வெந்தயத்தை ஊறவைத்துச் சாப்பிட்டால் சரியாகிவிடுமே" என்று உள்ளே ஒரு குரல் கேட்டதா, இல்லையா?